ஆச்சரியமாகப் பார்க்கக் கற்ற வகுப்பு

எங்கள் பள்ளிக்கு லேப்டாப்கள் வந்த அன்று சத்துணவில் முட்டை கிடையாது. முட்டை வேக வைக்கும் அக்காவை வாசலில் கோலம் போட அனுப்பிவிட்டார்கள். வருகிறவர்கள் முட்டையைப் பார்க்கப் போவதில்லை, கோலத்தைப் பார்ப்பார்கள் என்று தலைமை ஆசிரியர் காரணம் சொன்னார். அதில் ஒரு நியாயம் இருந்ததால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் உதவி பெறும் நடுநிலைப் பள்ளி எங்களுடையது. நான் அங்கே அறிவியல் டீச்சர். வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பெரும்பாலானவர்கள் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். விடிந்ததும் கம்பெனி பஸ் வந்து அம்மாக்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பிள்ளைகள் தாங்களே தலை சீவிக்கொண்டு, தாங்களே வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கு வருவார்கள். ஒரு பெண்ணின் வகிடு நேராக இருந்தால் அன்று அவள் அம்மாவுக்கு லீவு என்று நான் புரிந்துகொள்வேன்.

அந்தக் கம்பெனிகளில் ஒன்றுதான் லேப்டாப் கொடுத்தது. அரசாங்கம் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பெரிய லேப்டாப் போல இல்லை. இது சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்யப்பட்டதாம். விலை குறைவு, எடை குறைவு, கீழே விழுந்தாலும் உடையாது, தண்ணீர் சிந்தினாலும் ஒன்றும் ஆகாது. பச்சை பிளாஸ்டிக்கில் கைப்பிடி வைத்திருந்தது. மூடி வைத்தால் பெரிய டிபன் பாக்ஸ் போலத் தெரியும். ஏழாம் வகுப்பில் ஒரு வாயாடிப் பெண் இருந்தாள். எதையும் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுகிற பெண். அவள் முதல் நாளே கேட்டாள்.

"இன்னா டீச்சர், சோறு வச்சா சூடா இருக்குமா இதுல?"

விழா நன்றாகவே நடந்தது. கம்பெனியின் சமூக சேவைப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதற்கு அதிகாரியாகச் சென்னையிலிருந்து ஓர் இளைஞரை வைத்திருந்தார்கள். இறுக்கமான சட்டை, கழுத்தில் அட்டை, எல்லாரையும் மேடம், சார் என்று அழைக்கும் மரியாதையான பையன். இனி இந்தக் கிராமத்துக்கும் உலகத்துக்கும் நடுவே சுவர் கிடையாது என்று மைக்கில் பேசினார். அப்போது எங்கள் பள்ளியின் பின்பக்கச் சுவர் விழுந்து ஒரு மழைக்காலம் கடந்திருந்தது. அதைத்தான் சொல்கிறாரோ என்று சத்துணவு அக்கா என்னிடம் கிசுகிசுத்தார். பிறகு பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஆளுக்கொரு பெட்டியை மடியில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் வரிசையாகவே திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

வாங்கிய பெட்டிகள் நேராகத் தலைமை ஆசிரியர் அறையில் இருந்த இரும்பு பீரோவுக்குப் போயின. அவருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் ஓய்வு நெருங்க நெருங்க, பள்ளியில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன்னைச் சிக்க வைக்கவே காத்திருப்பதாக அவருக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. உலக உருண்டையைக்கூடத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

"சார், கீழ விழுந்தாலும் உடையாதுன்னு சொன்னாங்களே" என்று கேட்டேன்.

"சொன்னவரு சென்னைக்குப் போய்ட்டாரு டீச்சர். நான் இங்கதான இருக்கேன்? ஆடிட்ல எவனாவது எண்ணிப் பாத்து ஒண்ணு கம்மின்னா என் பென்ஷன்லதான் கை வப்பான். நான் போற வரைக்கும் எதுவும் உடையக் கூடாது."

இன்னொரு சிக்கலும் இருந்தது. வகுப்பறைக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். அதில்தான் ஃபேன் ஓடும். ஒன்று பிள்ளைகள் படிக்கலாம், அல்லது காற்று வாங்கலாம். வேலூர்ப் பக்கத்து வெயிலில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் ஒருவரை அனுப்பினார்கள். மிகவும் ஆர்வமானவர். மின்சாரம் போனதால் லேப்டாப்பைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தினார். ஆன் செய்யும் பொத்தானை வட்டமாகப் போட்டு, அதற்குச் சிவப்புச் சாக்பீஸால் வண்ணம் அடித்தார். நாங்கள் எல்லாரும் நன்றாகப் புரிந்தது என்று சொல்லி, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தோம்.

இத்தோடு முடிந்திருந்தால் எல்லாப் பள்ளியிலும் நடக்கிற கதைதான். ஆனால் கம்பெனிக்குப் படம் தேவைப்பட்டது. அவர்கள் செய்யும் ஷூவை வாங்கி விற்கும் ஐரோப்பிய நிறுவனத்துக்கு மாதாமாதம் படம் அனுப்ப வேண்டுமாம். அங்கே ஷூ வாங்குகிறவர்கள், இதைச் செய்த ஊரில் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று கவலைப்படுகிறார்களாம். அந்தக் கவலையைத் தீர்க்கும் பொறுப்பு எங்கள் ஏழாம் வகுப்பின் தலையில் விழுந்தது.

மாதத்தில் ஒரு நாள் அதிகாரித் தம்பி ஒரு போட்டோகிராபரோடு வருவார். பீரோ திறக்கும். பெட்டிகளில் சார்ஜ் இருக்காது. அது போட்டோகிராபருக்கு ஒரு பொருட்டே இல்லை. பெட்டியின் முதுகில்தான் கம்பெனியின் பெயர் ஒட்டியிருந்தது. அந்த முதுகும் அதற்கு மேலே பிள்ளைகளின் முகமும் தெரிந்தால் போதும். திரை யாருக்கு வேண்டும்?

"எல்லாரும் உள்ள பாருங்க" என்பார் போட்டோகிராபர். "ஆச்சரியமாப் பாருங்க."

முதல் தடவை பிள்ளைகளுக்கு அது வரவில்லை. கறுப்புக் கண்ணாடியில் அவரவர் மூக்குதான் தெரிந்தது. ஒருவன் அதைப் பார்த்துப் பல்லில் ஒட்டியிருந்த கீரையை எடுத்தான். போட்டோகிராபர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "மேடம், நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்" என்றார்.

அப்படித்தான் ஒளிச்சேர்க்கைக்கும் நெம்புகோலுக்கும் நடுவே நான் ஆச்சரியத்தைப் பாடமாக நடத்தினேன். புருவத்தை மேலே தூக்கு. வாயைத் திற, ரொம்பத் திறக்காதே. பக்கத்தில் இருப்பவளுக்கு விரலால் எதையாவது சுட்டிக் காட்டு. அவள் உன் தோள் மேல் சாய்ந்து பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஓரிரு மாதத்தில் தேறிவிட்டார்கள். சிலர் சொந்தமாகச் சரக்கு சேர்த்தார்கள். ஒருத்தி நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள். ஒருவன் பெட்டியிலிருந்து பின்வாங்கிப் பிறகு மெல்ல நெருங்குவான். வாயாடிப் பெண் எல்லாரையும் மிஞ்சினாள். அவள் அந்தக் கறுப்புத் திரையைப் பார்க்கும் விதத்தைப் பார்த்தால், உள்ளே ஏதாவது தெரிகிறதோ என்று எனக்கே எட்டிப் பார்க்கத் தோன்றும்.

பயன் வேறு விதத்தில் வந்தது. நான் பாடம் நடத்தும்போது பிள்ளைகள் இதே முகத்தை எனக்கும் காட்ட ஆரம்பித்தார்கள். மகரந்தச் சேர்க்கை என்று சொன்னதும் வகுப்பு முழுவதும் புருவம் தூக்கி, வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும். முதலில் பெருமையாக இருந்தது. கேள்வி கேட்டபோதுதான் தெரிந்தது, ஒன்றும் ஏறவில்லை.

படங்களைப் பார்த்துப் பார்த்து ஐரோப்பாவில் ஓர் அம்மையாருக்கு ஆசை வந்துவிட்டது. ஷூ வாங்கும் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். கம்பெனியைப் பார்க்க வருகிறவர் அப்படியே பள்ளியையும் பார்ப்பார் என்று செய்தி வந்தது. மறுபடி கோலம், மறுபடி முட்டை கிடையாது. இம்முறை அதிகாரித் தம்பி விடிவதற்கு முன்பே ஜெனரேட்டரோடு வந்து எல்லாப் பெட்டிகளையும் சார்ஜ் செய்தார். திரைகள் எரிந்தன. நீல வானமும் புல்வெளியும் கொண்ட ஒரு படம் எல்லாவற்றிலும் வந்தது. பிள்ளைகள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்கள். ஆனால் அந்த ஆச்சரியம் படத்துக்கு ஏற்றதாக இல்லை. கத்தினார்கள், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள், கண்ட பொத்தானையும் அமுக்கினார்கள்.

"ஏன் மேடம் இப்டிப் பண்றாங்க? எப்பவும் பண்ற மாதிரிப் பண்ணச் சொல்லுங்க" என்று தம்பி வியர்வையைத் துடைத்தார்.

அம்மையார் வந்தார். நரைத்த தலை, பருத்திச் சட்டை, காலில் சாதாரண ரப்பர் செருப்பு. ஷூ வாங்குகிறவர் ஷூ போடாமல் வந்ததில் எங்கள் ஊருக்கே கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் அவர் மேடைக்குப் போகவில்லை. நேராக வந்து, தரையில் அந்த வாயாடிப் பெண்ணின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். யாரைத் தவிர்க்க வேண்டும் என்று காலையிலிருந்து கவலைப்பட்டோமோ அவள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார்.

இதை வைத்து நீ என்ன செய்வாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தம்பி தமிழில் சொன்னார். அவள் யோசிக்கவே இல்லை.

"போட்டோ எடுப்பாங்க."

தம்பி ஒரு நொடி விழித்தார். பிறகு அம்மையாரிடம், இவள் போட்டோ எடுப்பாளாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு விகுதியைத்தான் மாற்றினார். அதிலேயே எங்கள் பள்ளி எங்கேயோ போய்விட்டது. அம்மையாரின் முகம் மலர்ந்தது. யாரை எடுப்பாய் என்று கேட்டார்.

"எங்களத்தான் எடுப்பாங்க. எடுத்துட்டு அப்புறம் பீரோவுல வச்சிப் பூட்டிடுவாங்க."

தோழர்களை எடுத்துப் பத்திரமாகச் சேமித்து வைக்கிறாளாம் என்றார் தம்பி.

எனக்கு ஆங்கிலம் தெரியும். வாயைத் திறந்தேன். தலைமை ஆசிரியர் என் பக்கத்தில் நின்று இருமினார். காசநோய்க்காரர்கூட அப்படி இரும மாட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மையார் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ எடுத்த படங்களை நான் பார்க்க வேண்டும், இங்குள்ள எல்லாருடைய படங்களையும் பார்க்க வேண்டும், எனக்கு அனுப்புவாயா என்று கேட்டார். தம்பி இதை மட்டும் தமிழில் சொல்லவில்லை. அவரே, கட்டாயம் அனுப்புவாள் என்று பதில் சொல்லிவிட்டார்.

அம்மையாரின் கார் போன பிறகு ஆசிரியர் அறையில் கூட்டம் நடந்தது. தம்பி தண்ணீர் குடித்தபடியே இருந்தார். அவரிடம் ஒரு திட்டம் தயாராக இருந்தது. போட்டோகிராபரே நாலைந்து நல்ல படங்கள் எடுத்துத் தருவார், மலை, பூ, ஆடு இந்த மாதிரி. அடியில் பிள்ளைகளின் பெயரைப் போட்டு அனுப்பிவிடலாம்.

"இந்தப் பெட்டியிலயே கேமரா இருக்குது சார்" என்றேன். "பிள்ளைங்களே எடுக்கட்டுமே."

"எடுக்கணும்னா வீட்டுக்குக் குடுத்தனுப்பணுமே" என்று தலைமை ஆசிரியர் எழுந்தே விட்டார். "உடைச்சிடுவாங்க. அப்பன் எவனாவது வித்துடுவான்."

"சரி சார், வேணாம். ஆனா அந்தம்மா அடுத்து வீடியோல கூப்புட்டு, எப்டி எடுத்தேன்னு இந்தப் பொண்ணயே கேட்டா இன்னா பண்றது? அவ என்ன சொல்லுவான்னு உங்களுக்குத் தெரியும்."

தலைமை ஆசிரியர் மறுபடி உட்கார்ந்தார், தம்பி இன்னொரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அவள் ஒரு தடவை உண்மையைச் சொன்னதற்கே ஒரு கம்பெனி ஆட்டம் கண்டிருந்தது. அவர்கள் பயந்தது எனக்கு அல்ல, அவளுடைய வாய்க்கு. எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. இத்தனை வருட வேலையில் நான் மிரட்டி ஒரு காரியம் நடந்தது அன்றுதான்.

சாயங்காலம் பெட்டிகள் இரண்டு வாரத்துக்கு வீட்டுக்குப் போயின. தலைமை ஆசிரியர் வாசலில் நின்று ஒவ்வொரு பெட்டிக்கும் புத்தி சொல்லி அனுப்பினார். பிள்ளைகளுக்கு அல்ல, பெட்டிகளுக்குத்தான் சொன்னார் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவு பரிவாகப் பார்த்தார்.

அந்தப் பெட்டியின் கேமரா திரைக்கு மேலே, நம்மைப் பார்த்தபடி இருக்கும். நம் முகத்தை நாமே எடுத்துக்கொள்ளலாம். வேறு எதையாவது எடுக்க வேண்டுமென்றால் பெட்டியையே திருப்பிப் பிடித்து, மேலேயிருந்து கையை விட்டுக் குருட்டாம்போக்கில் தட்ட வேண்டும். எடுக்கிறவருக்கு எதுவும் தெரியாது. எதிரே இருப்பவர்தான் திரையில் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் எங்கள் பிள்ளைகள் எடுத்த படங்களில் பாதித் தலை, முழங்கால், கூரை, மாட்டின் வால் இவைதான் ஜாஸ்தி.

ஆனாலும் அந்த இரண்டு வாரத்தில் வந்த படங்களை நான் மறக்கவில்லை. கம்பெனி பஸ்ஸுக்குள் வாய் பிளந்து தூங்கும் அம்மாக்கள். வாசலில் காய வைத்த கம்பெனிச் சீருடைகள். ஊருக்குப் பின்னால் ஓடும் கால்வாய், அதன் மேல் சோப்பு நுரை போலத் திரண்ட ஏதோ ஒன்று, அதில் ஒரு வாத்து. சாயங்காலம் பூட்டிய கதவுக்கு வெளியே சாவிக்காகக் காத்திருக்கும் ஒரு தம்பிப் பையன். மேசை மேல் தலை சாய்த்துத் தூங்கும் எங்கள் தலைமை ஆசிரியர். பள்ளியில் வைத்தே எடுத்திருந்தார்கள். தலை மட்டும் பாதிதான் விழுந்திருந்தது, குறட்டை முழுவதும் தெரிந்தது.

வாயாடிப் பெண் தன் அம்மாவை எடுத்திருந்தாள். அந்த அம்மா தோல் துண்டுகளுக்குப் பசை தடவும் பிரிவில் வேலை செய்தவர். நாள் முழுவதும் அதே வேலை. இரவு சாப்பாடு முடிந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது மகள் போய்ப் பெட்டியை நீட்டியிருக்கிறாள். திரையில் திடீரென்று தன் முகம் தெரிந்ததும் அம்மா கையை நீட்டித் தடுத்திருக்கிறார். படத்தில் இருந்தது அந்தக் கை மட்டும்தான். விரித்த ஐந்து விரல்கள், காய்ந்து உரிந்து நிற்கும் பசை, ஆள்காட்டி விரலில் நூல் சுற்றிய மோதிரம். மற்ற படங்கள் எல்லாம் மங்கல். இது மட்டும் அப்படி ஒரு துல்லியம்.

"இன்னாடி சொன்னாங்க அம்மா?" என்று கேட்டேன்.

"தள்ளிப் போடி அந்தாண்டைன்னாங்க டீச்சர்."

தேர்வு செய்யத் தம்பி வந்தார். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கால்வாயைக் கண்டதும் அவருடைய விரல் தானாக அழிக்கும் பொத்தானுக்குப் போய்விட்டது. வாத்து நன்றாக இருக்கிறதே என்றேன். வாத்து மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை மேடம் என்றார். தூங்கும் அம்மாக்கள் போனார்கள், வேலை நேரம் அதிகமோ என்று கேட்பார்களாம். சாவிக்குக் காத்திருந்தவன் போனான், பிள்ளைகளைக் கவனிப்பதில்லையோ என்று கேட்பார்களாம். தன் படத்தைத் தலைமை ஆசிரியர் தானே அழித்தார். எந்தப் பொத்தான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நிதானமாக ஒரு விரலால் அமுக்கினார். அந்தக் கருவியில் அவர் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. முதல் முயற்சியிலேயே தேறிவிட்டார்.

கடைசியில் ஒரு பூ, ஒரு மலை, ஓர் ஆட்டுக்குட்டி, அந்தக் கை ஆகியவை தேறின. கையைப் பார்த்துத் தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் இல்லை, அழுக்கு இல்லை, வேலை செய்கிற கை என்று தெரிகிறது. "இது ஓகே" என்றார்.

ஐரோப்பாவில் அந்த அம்மையாருக்குப் பூவும் மலையும் பிடிக்கவில்லையாம். கை பிடித்துவிட்டது. அவர் மகிழ்ந்ததில் இங்கே கம்பெனிக்கும் மகிழ்ச்சி. பள்ளியில் புகைப்படக் குழு ஒன்று நடக்கிறது என்று எல்லா இடத்திலும் போட்டுக்கொண்டார்கள். போட்டுவிட்டதால் அப்படி ஒன்று இருந்தாக வேண்டியதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் பெட்டிகளைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்படி ஏற்பாடானது. தம்பி ஓர் எக்ஸ்டென்ஷன் பலகையும் வாங்கித் தந்தார். எங்கள் பள்ளிக்கு ஒரு பொய்யால் வந்த நன்மை அது. உண்மை பேசித் திரிந்த காலத்தில் நாங்கள் ஒரு பல்புகூட வாங்கியதில்லை.

பிள்ளைகள் போட்டோ எடுப்பதோடு நிற்கவில்லை. படம் வரைந்தார்கள், ஒருவர் குரலை ஒருவர் பதிவு செய்து சிரித்தார்கள், கணக்குப் போடும் இடத்தில் பெரிய பெரிய எண்களைப் பெருக்கி, திரைக்குள் அடங்காத விடை வந்ததும் கைதட்டினார்கள். ஒன்றிரண்டு பெட்டிகள் கீழேயும் விழுந்தன. உடையவில்லை. தலைமை ஆசிரியர்தான் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். இதனால் படிப்பு முன்னேறியதா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். அந்த ஆச்சரிய முகத்தை எனக்குக் காட்டுவதை மட்டும் விட்டுவிட்டார்கள். புரியாவிட்டால் "புரியல டீச்சர்" என்று சொன்னார்கள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

புத்தாண்டுக்குக் கம்பெனி வழவழப்பான தாளில் நாள்காட்டி போட்டது. எங்கள் பள்ளிக்கும் ஒன்று வந்தது. புரட்டிக்கொண்டே போனால் நடுவில் ஒரு மாதத்தில் அந்தக் கை. பக்கம் முழுவதும் விரிந்த ஐந்து விரல்கள். கீழே ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு வாசகம்: 'உங்களை அன்புடன் வரவேற்கும் கைகள்.'

நான் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றிருந்தது.

பெற்றோர் கூட்டத்துக்கு அந்தக் கைக்குச் சொந்தக்காரர் வந்தார். அரை நாள் பர்மிஷன் போட்டு வந்திருந்தார். முகம் கழுவிப் பவுடர் போட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாத புடவையில் இருந்தார். மகளின் மார்க்கைப் பற்றி நான் சொன்னதை அவர் சரியாகக் கேட்கவில்லை. கடைசியில் அவரே ஆரம்பித்தார்.

"கேன்டீன்ல மாட்டியிருக்காங்க டீச்சர். தண்ணி பிடிக்கிற எடத்துக்கு மேல. மோதிரத்தப் பாத்து எல்லாரும் கண்டுபிடிச்சிட்டாங்க. வரவேற்பு வந்தாச்சு, வரவேற்பு வந்தாச்சுன்னு ஒரே பேஜாரு."

"வருத்தமா உங்களுக்கு?"

"வருத்தம் இன்னா டீச்சர். எடுக்காதடின்னு நான் தடுத்த கை அது. அதப் போய் வாங்க வாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. படிச்சவங்கதான எழுதியிருப்பாங்க?"

"படிச்சவங்கதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் மோதிரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்.

"அன்னிக்கு மூஞ்சி நல்லா இல்ல டீச்சர். வேலைக்குப் போய் வந்த மூஞ்சி. திடீர்னு அதுல பாத்ததும் எனக்கே யாரோ மாதிரி இருந்துச்சு. அதான் தள்ளிட்டேன். இன்னிக்குக் குளிச்சிட்டு வந்திருக்கேன். ஒண்ணு எடுக்கச் சொல்றீங்களா அவள?"

அன்று வெள்ளிக்கிழமை அல்ல. நான் தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் ஒரு பெட்டி வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். ஒருவரை எடுக்க வேண்டும் என்றேன். கம்பெனிக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தவர், வேறு எதுவும் கேட்காமல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வராந்தாவில் அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்து மகள் எதிரே நின்றாள். பெட்டியைத் திருப்பி இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கும் திரை தெரியவில்லை. அம்மாவின் முகம்தான் தெரிந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. முந்தானையைச் சரி செய்தார், காதோரத்து முடியை ஒதுக்கினார், பிறகு அசையாமல் திரையையே பார்த்தார். மகள் கையை மேலே விட்டுத் தட்டினாள். இன்னொரு தடவையும் தட்டினாள்.

"முடிஞ்சிதும்மா. எடுத்துட்டேன், எழுந்துரு."

"இருடி" என்றார் அம்மா. "நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."